பூச்சு வேலைக்கு முன்னால கேபிளை இழு! புது ஆபீஸ் நெட்வொர்க்குக்கு அக்காவோட 20 டிப்ஸ்

புது ஆபீஸுக்கு இடம் பிடிச்சாச்சு, அட்வான்ஸ் கொடுத்தாச்சு, பெயின்ட் கலர்கூட முடிவாயிடுச்சு. நெட்வொர்க் என்னாச்சுன்னு கேட்டா, "கடைசியில ஒரு வைஃபை ரூட்டர் வாங்கி வெச்சா போச்சுக்கா"ங்கறே பாரு, அங்கதான் எனக்குக் கோபம் வருது. பெயின்ட் காய்ஞ்ச சுவரை உடைச்சு பைப் பதிச்ச கதைகளை நான் சொல்ல ஆரம்பிச்சா உன் மதியச் சாப்பாடு ஆறிடும்.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோ கண்ணு. ஸ்விட்ச், ரூட்டர் எல்லாம் நாலு ஸ்க்ரூ கழட்டி எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம். சுவருக்குள்ள போன கேபிள் அப்படி இல்ல. அதனால காசையும் கவனத்தையும் முதல்ல கேபிளுக்குக் கொடு, பெட்டிக்கு அப்புறம்.

கணக்குப் போட வசதியா ஒரு ஆபீஸை வெச்சுக்கலாம். ரெண்டு தளம். கீழே 9 பேர், மேலே 6 பேர். 8 கேமரா, 2 பிரின்டர், கூரையில மாட்டுற 2 வைஃபை பெட்டி, ஒரு கைரேகை மெஷின். உன் ஆபீஸ் இதைவிடச் சின்னதா இருந்தாலும் வழி இதேதான்.

பேப்பர்ல முடிக்க வேண்டிய வேலை

1. யாருக்கு என்ன வேலைன்னு முதல்ல புரிஞ்சுக்கோ. ஸ்விட்ச்சும் ரூட்டரும் ஒண்ணுன்னு நினைச்சுக் கடையில நிக்காதே. ஸ்விட்ச், பந்தியில பரிமாறுறவர் மாதிரி. எந்த இலையில யார் உட்கார்ந்திருக்காங்கன்னு ஞாபகம் வெச்சு, கேட்டவங்களுக்கு மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பார். ரூட்டர், மண்டப வாசல்ல நிக்கிறவர். வெளியே போறதும் உள்ளே வர்றதும் அவர் வழியாத்தான். வீட்டுல வெச்சிருக்கிற ஒரே பெட்டி ரெண்டு வேலையும் பார்த்து வைஃபையும் கொடுக்கும். வீட்டுக்குப் போதும். 15 பேர் ஆபீஸை அதன் தலையில கட்டாதே.

2. ஒரு ஏ4 தாள்ல தள வரைபடம் போடு. மேஜை எங்கே, பிரின்டர் எங்கே, கேமரா எங்கேன்னு புள்ளி வை. அப்புறம் ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு கேபிள் போதும்னு தோணும், ரெண்டா போடு. நாளைக்கு ஒருத்தர் கூட வந்து உட்கார்வார், ஒரு போன் வரும், ஒரு கேபிள் எலி கடிச்சு வீணாப் போகும். நம்ம கணக்குல மேஜைக்கு 30, கேமராவுக்கு 8, பிரின்டருக்கு 2, வைஃபைக்கு 2, கைரேகைக்கு 1, தளங்களுக்கு நடுவுல 2. மொத்தம் 45 இழுப்பு. சராசரி 25 மீட்டர்னு வெச்சா 1,125 மீட்டர். ஒரு பெட்டி கேபிள் 305 மீட்டர். நாலு பெட்டி வாங்கணும்னு இப்ப தெரிஞ்சுபோச்சா? இதுக்கு இன்ஜினியர் எதுக்கு?

3. ஒரு தளத்துக் கேபிள் எல்லாம் ஒரே இடத்துக்கு வரணும். ஒரு ஸ்விட்ச்சுல இருந்து இன்னொண்ணு, அதுல இருந்து மேஜைக்கு அடியில இன்னொண்ணுன்னு வால் பிடிச்சுக்கிட்டே போகாதே. நடுவுல ஒண்ணு செத்தா அதுக்குப் பின்னாடி இருக்கிற அத்தனை பேருக்கும் நெட் போயிடும். தளத்துக்கு ஒரு ராக் (ஸ்விட்ச், ரூட்டர் வைக்கிற அலமாரி), ராக்குல இருந்து நேரா மேஜைக்கு. ரெண்டு ராக்குக்கும் நடுவுல ஒரு இணைப்பு. அவ்வளவுதான் டிசைன்.

4. ராக் வைக்க இடத்தை நீயே சொல்லு, எலக்ட்ரீஷியன்கிட்ட விடாதே. அவர் மாடிப்படிக்கு அடியில, இல்லைன்னா பாத்ரூம் சுவருக்குப் பின்னாடி காட்டுவார். காத்தோட்டமா, தண்ணி படாத, கை எட்டுற இடமா இருக்கணும். ராக்குல இருந்து தூரத்து மேஜை வரைக்கும் கேபிள் நீளம் 90 மீட்டரைத் தாண்டக் கூடாது. ரெண்டு பக்கமும் சொருகுற பேட்ச் கார்டுக்கு 10 மீட்டர் சேர்த்து மொத்தம் 100. நேர்கோட்டுல அளக்காதே, சுவர் ஏறி, கூரை சுத்தி, இறங்கி வர்ற தூரத்தை அளந்துக்கோ.

சுவருக்குள்ள போறது

5. கேட் 6 கேபிள், முழுச் செம்பு. கேட் 5இ-கூட 100 மீட்டருக்கு 1 ஜிபிபிஎஸ் தாங்கும்தான். ஆனா புதுசா சுவரைத் திறக்கும்போது கேட் 6 போட்டுடு. 55 மீட்டருக்குள்ள 10 ஜிபிபிஎஸ் வரைக்கும் போகும். கடைக்காரர் "அதே கேட் 6, விலை பாதி"ன்னு நீட்டினா உஷார். அலுமினியத்துக்கு மேல செம்பு முலாம் பூசின கேபிளா இருக்கும். ஒரு இழையை பிளேடால சுரண்டிப் பாரு. உள்ளே வெள்ளி நிறம் தெரிஞ்சா திருப்பிக் கொடுத்துடு. அது மடக்கினா உடையும், கேமராவுக்குக் கரண்ட் அனுப்பினா சூடாகும்.

6. கரண்ட் பைப்புலயே நெட் கேபிளை நுழைக்காதே. "ஒரே பைப்புல போட்டா செலவு மிச்சம்"னு ஆலோசனை வரும். கேட்காதே. மின் ஒயர் பக்கத்துல போனா இரைச்சல் ஏறும், அதைவிட முக்கியமா ஆபத்து. தனி பைப், நடுவுல ஒரு அடி இடைவெளி. குறுக்கே தாண்டியே ஆகணும்னா கூட்டல் குறி மாதிரி நேர்குறுக்கா தாண்டட்டும்.

7. மடக்காதே, முறுக்காதே, இறுக்காதே. மூலையில கேபிளைப் பூரிக்கட்டை சுத்தின மாதிரி வளைக்கணும், பேப்பர் மடிச்ச மாதிரி இல்ல. வளைவு ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. டேக் போடும்போது கேபிள் நசுங்குற அளவுக்கு இழுக்காதே. பைப்பையும் முழுசா அடைக்காதே. பின்னாடி ஒரு கேபிள் சேர்க்க இடம் வேணும். காலி நைலான் கயிறு ஒண்ணை பைப்புக்குள்ளயே விட்டு வை. அடுத்த வருஷம் அந்தக் கயிறு உனக்கு ஒரு நாள் வேலையை மிச்சம் பண்ணும்.

8. ரெண்டு முனையிலயும் ஒரே கலர் வரிசை. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இதுக்குப் பேரு 568-பி. இதையே ஆபீஸ் முழுக்கப் பிடிச்சுக்கோ. "நாலு இழை போதும், மீதி நாலைப் போனுக்கு எடுத்துக்கலாம்"னு சொல்ற ஆளை அன்னிக்கே அனுப்பிடு. 100 எம்பிபிஎஸ் நாலு இழையில ஓடும். 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு எட்டும் வேணும். எட்டுல ஒண்ணு ஒழுங்கா உட்காரலைன்னா வேகம் சத்தமில்லாம 100க்கு இறங்கிடும். நீ மாசக்கணக்குல நெட் கம்பெனிக்காரரைத் திட்டிக்கிட்டு இருப்பே.

9. பூசுறதுக்கு முன்னால டெஸ்ட், லேபிள், போட்டோ. மூணும் ஒரே நாள்ல முடி. ஒவ்வொரு கேபிளையும் டெஸ்டர்ல வெச்சுப் பாரு. டெஸ்டர் விளக்கு எரிஞ்சா இழை தொடருதுன்னு மட்டும்தான் அர்த்தம். கம்ப்யூட்டர் வந்ததும் இணைப்பு வேகம் 1 ஜிபிபிஎஸ்னு காட்டுதான்னும் பார்க்கணும். ரெண்டு முனையிலயும் ஒரே நம்பரை ஒட்டு. சுவர் திறந்திருக்கும்போது போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோ. பின்னாடி ஆணி அடிக்கிறவர் கேபிள்லயே அடிக்காம இருக்க அதுதான் காவல்.

ராக்குல வைக்கிறது

10. ஸ்விட்ச்சுக்குப் போர்ட் எண்ணு. கீழே 9 கம்ப்யூட்டர், 5 கேமரா, பிரின்டர், வைஃபை, கைரேகை, கேமரா பதிவுப் பெட்டி, ரூட்டர், மேல்தள இணைப்பு: 20. அதனால 24 போர்ட். மேலே 6, 3 கேமரா, பிரின்டர், வைஃபை, கீழ்த்தள இணைப்பு: 12. அதனால 16 போர்ட். எப்பவும் நாலு போர்ட்டாவது காலியா இருக்கணும். எல்லாப் போர்ட்டும் கிகாபிட்டான்னு அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படி. 1 ஜிபி ஃபைல் கிகாபிட்ல 8 செகண்ட்ல போகும். 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச்சுல 80 செகண்ட். ஆடிட்டிங் ஃபைலை நாள் முழுக்க நகல் எடுக்கிற ஆபீஸுக்கு இந்த வித்தியாசம் சம்பளக் கணக்கு.

11. கேமராவுக்கு பி.ஓ.இ. ஸ்விட்ச் வாங்கு, ஆனா வாட்ஸைக் கூட்டிப் பாரு. நெட் கேபிள் வழியாவே கரண்ட் போறதால ஒவ்வொரு கேமராவுக்கும் தனி அடாப்டர் வேண்டியதில்லை. ஆனா ஸ்விட்ச் மொத்தமா எத்தனை வாட்ஸ் கொடுக்கும்னு ஒரு அளவு இருக்கு. 60 வாட்ஸ் ஸ்விட்ச்சுல 7 வாட்ஸ் கேமரா எட்டு மாட்டினா 56. கூடவே 13 வாட்ஸ் வைஃபை பெட்டி ஒண்ணைச் சேர்த்தா 69. பகல்ல எல்லாம் நல்லா ஓடும். ராத்திரி இருட்டுல பார்க்கிற விளக்குகள் எரிஞ்சதும் கேமரா ஒண்ணு ஒண்ணா கண்ணை மூடும். திருடன் வர்ற நேரமும் அதுதானே!

12. ரூட்டரை ஆளைப் பார்த்து வாங்கு, ஆன்டெனாவை எண்ணி வாங்காதே. எட்டு கொம்பு இருந்தா வேகம் எட்டு மடங்கு இல்ல. ரெண்டு இன்டர்நெட் லைன் மாட்ட முடியுமா, வி-லேன் (15ல சொல்றேன்) தெரியுமா, சாஃப்ட்வேர் அப்டேட் வருதா? இந்த மூணு கேள்வியைக் கேளு. பில் போடுறதே நெட்லதான்னா ரெண்டாவது லைன் வேணும். அது வேற கம்பெனியா, முடிஞ்சா வேற வழியா வரணும். ரெண்டு ஃபைபரும் ஒரே கம்பத்துல வந்தா, லாரி ஒரு கம்பத்தை இடிச்சாலே போதும், ரெண்டும் போச்சு.

13. கரண்ட் போனா எது எது ஓடணும்னு யோசி. கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். போட்டுட்டு ஸ்விட்ச்சை மறந்துடுவாங்க. கம்ப்யூட்டர் எரியும், நெட் இருக்காது. நெட் கம்பெனி பெட்டி, ரூட்டர், ரெண்டு ஸ்விட்ச், கேமரா பதிவுப் பெட்டி எல்லாம் யு.பி.எஸ்.ல இருக்கணும். மேல்தள ராக்கையும் சேர்த்துத்தான் சொல்றேன். எர்த்திங் சரியான்னு பாரு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடோன் இருந்தா வெளியில செம்புக் கேபிளைத் தொங்கவிடாதே. கோடை மழை இடிக்கு அது வழி காட்டும், ரெண்டு பக்கமும் போர்ட் கருகும். ஃபைபர் இழு. கண்ணாடி இழையில மின்சாரம் போகாது.

செட்டிங்ஸ்ல செய்ய வேண்டியது

14. ஐ.பி. நம்பரை முன்னாடியே பிரிச்சு வை. வீட்டு ரூட்டர்ல பெரும்பாலும் 192.168.0 இல்லைன்னா 192.168.1னு வரும். உன் ஆபீஸும் அதையே வெச்சா, நாளைக்கு வீட்டுல இருந்து ஆபீஸுக்கு வி.பி.என்.ங்கற பாதுகாப்பான தனி வழி போடும்போது ரெண்டும் மோதும். 192.168.10 எடுத்துக்கோ. 1 ரூட்டருக்கு, 2 முதல் 20 ஸ்விட்ச், வைஃபை பெட்டிகளுக்கு, 21 முதல் 50 பிரின்டர், சர்வருக்கு, 100 முதல் 200 வரை தானா எடுத்துக்கிற கம்ப்யூட்டர், போன்களுக்கு. பிரின்டர் நம்பரை ரூட்டர்லயே ஒதுக்கி வெச்சுடு. இல்லைன்னா வாரம் ஒரு தடவை "பிரின்டர் காணோம்"னு குரல் வரும்.

15. கேமரா, விருந்தாளி, ஆபீஸ்: மூணையும் தனித்தனிப் பந்தியில உட்கார வை. இதுதான் வி-லேன். ஒரே ஸ்விட்ச்சை உள்ளுக்குள்ள மூணு ஸ்விட்ச்சா பிரிக்கிற வேலை. ஆபீஸ் 10, கேமரா 20, விருந்தாளி 30னு நம்பர் கொடுத்து, ஐ.பி.யையும் 192.168.10, 192.168.20, 192.168.30னு வெச்சா பார்த்த உடனே புரியும். ஒரு பந்தியில இருந்து இன்னொண்ணுக்குப் போகணும்னா ரூட்டரைத் தாண்டித்தான் போகணும். அங்க யாரை விடணும்னு நீ முடிவு பண்ணு. ஒண்ணு கவனி: சாதா ஸ்விட்ச் இதைச் செய்யாது, செட்டிங்ஸ் பண்ற ஸ்மார்ட் அல்லது மேனேஜ்டு ஸ்விட்ச் வேணும்.

16. லூப்புக்குத் தாழ்ப்பாள் போடு. தொங்கிக்கிட்டு இருக்கிற கேபிள் முனையைப் பார்த்து, பாவம்னு யாரோ ஒரு நல்லவர் அதே ஸ்விட்ச்சுல சொருகிடுவார். தகவல் சுத்திச் சுத்தி வந்து பெருகி, ஒரு நிமிஷத்துல மொத்த ஆபீஸும் நிக்கும். ஒரு தடவை எங்க ஆபீஸ்ல அரைநாள் தேடிக் கண்டுபிடிச்சது இதைத்தான். இதுக்கு மருந்து ஸ்பேனிங் ட்ரீ. ரேடியா பெர்ல்மன்னு ஒரு அம்மா 1985ல உருவாக்கினது. ஸ்மார்ட் அல்லது மேனேஜ்டு ஸ்விட்ச்சுல பெரும்பாலும் அது இருக்கும். ஆன் பண்ணி வை. தளங்களுக்கு நடுவுல ரெண்டு கேபிள் இழுத்தோமே, அதுல ஒண்ணுதான் சொருகணும், இன்னொண்ணு உதிரின்னு லேபிள்ல எழுதி வை.

17. நம்பர் கொடுக்கிறது ஒரே ஆளா இருக்கட்டும். யாராவது வீட்டுப் பழைய ரூட்டரைக் கொண்டுவந்து "வைஃபை கொஞ்சம் நல்லா வரும்"னு சொருகுவாங்க. அதுவும் ஐ.பி. நம்பர் விநியோகம் பண்ண ஆரம்பிக்கும். பாதிப் பேருக்கு நெட் வரும், பாதிப் பேருக்கு வராது. பழைய ரூட்டரைப் பயன்படுத்தியே ஆகணும்னா அதுல நம்பர் விநியோகம் பண்ற டி.ஹெச்.சி.பி.யை ஆஃப் பண்ணு, அதன் ஐ.பி.யை மாத்து, கேபிளை லேன் போர்ட்ல சொருகு. நெட் கம்பெனி கொடுத்த பெட்டியும் ஒரு ரூட்டர்தான். அது ரூட்டர் வேலை பார்க்காம இருக்க, பிரிட்ஜ் மோடுல போடச் சொல்லிக் கேளு.

18. பாஸ்வேர்டு அட்மின், அட்மின்னு இருந்தா உனக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது. 2016ல மிராய்ங்கற வைரஸ் இப்படி மாத்தாம விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடிச்சு, அமெரிக்காவுல பெரிய பெரிய இணையதளங்களையே முடக்குச்சு. ரூட்டர், ஸ்விட்ச், கேமரா எல்லாத்துக்கும் வேற வேற பாஸ்வேர்டு. வீட்டுல இருந்து கேமரா பார்க்கணும்னு ரூட்டர்ல போர்ட்டைத் திறந்து விடாதே, வி.பி.என். வழியா வா. முக்கியமா, போட்டுக்கொடுத்தவர்கிட்ட இருந்து எல்லாப் பாஸ்வேர்டையும் எழுதி வாங்கிட்டு மிச்சப் பணத்தைக் கொடு. நான் முழுப் பணமும் கொடுத்துட்டு, போன் எடுக்காத ஒருத்தருக்காக ஸ்விட்ச்சை ரீசெட் பண்ணி முதல்ல இருந்து உட்கார்ந்தவள்.

19. வைஃபை கூரைக்கு நடுவுல. ராக்குக்குள்ள இரும்புப் பெட்டியில பூட்டி வெச்சுட்டு சிக்னல் வரலைன்னு அழாதே. பீரோ, கண்ணாடி, கான்கிரீட் எல்லாம் சிக்னலைத் தின்னும். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல சேனல் 1, 6, 11 மட்டும். பக்கத்துப் பெட்டிகள் ஒரே சேனல்ல இருக்கக் கூடாது. ரெண்டு தளத்துக்கும் ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டு. விலை கம்மின்னு ரிப்பீட்டர் வாங்காதே. வாங்குறதும் கொடுக்கிறதும் ஒரே வாய்னா வேகம் பாதியாகும். நகராத எந்தப் பொருளுக்கும் கேபிள்தான். வைஃபை, நடமாடுறதுக்கு.

நெட் போனா

20. பதறாம இந்த வரிசையில பாரு. ராக் கதவுக்கு உள்பக்கம் இதை எழுதி ஒட்டிடு:

• கேபிள் சொருகின இடத்துல விளக்கு எரியுதா? இல்லைன்னா கேபிளை மாத்து.
• கம்ப்யூட்டர் ஐ.பி. 169.254ல ஆரம்பிக்குதா? அதுக்கு நம்பர் கொடுக்க ஆள் இல்லைன்னு அர்த்தம். ரூட்டரையும் வழியில இருக்கிற ஸ்விட்ச்சையும் பாரு.
• ரூட்டரை பிங் பண்ணினா (கம்ப்யூட்டர்ல இருந்து கூப்பிட்டுப் பார்த்தா) பதில் வருதா? வந்தா உள்வீடு சரி.
• வெளியே இன்டர்நெட்ல இருக்கிற 8.8.8.8ஐ பிங் பண்ணினா பதில் வருதா? வரலைன்னா நெட் கம்பெனிக்குப் போன் போடு.
• அதுக்குப் பதில் வருது, ஆனா வெப்சைட் திறக்கலையா? பேரை நம்பரா மாத்துற டி.என்.எஸ். செட்டிங்கைப் பாரு.

இந்த அஞ்சும் பார்க்க ரெண்டு நிமிஷம். பார்க்காம எல்லாப் பெட்டியையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா, சரியானாலும் எது கெட்டதுன்னு தெரியாது. நாளைக்கு மறுபடி கெடும்.

இருபதும் ஞாபகம் இருக்காது, எனக்குத் தெரியும். 2, 5, 9 மூணை மட்டும் இன்னிக்கு முடி: தாள்ல வரை, முழுச் செம்புக் கேபிள் வாங்கு, டெஸ்ட் பண்ணி லேபிள் ஒட்டு. சுவருக்குள்ள போற மத்ததைப் பூசுறதுக்கு முன்னால முடிச்சுடு. பெட்டி, செட்டிங்ஸ் எல்லாத்தையும் குடிபோன பிறகுகூட திருத்திக்கலாம். கொத்தனார் நாளைக்குப் பூச வர்றேன்னு சொல்லியிருக்காரா? ரெண்டு நாள் கழிச்சு வரச்சொல்லி இப்பவே போன் போடு.